மூக்கைத் தாழ்த்துடா பேராண்டி

ஏண்டா பேராண்டி, ஓசூருக்கு 2000 ஏக்கர்ல ஏர்போர்ட் வரும்னு 2024-ல அறிவிச்சாலும் அறிவிச்சாங்க, நீ பைலட் ஆவப்போறியாமே? கறுப்புக் கண்ணாடி வாங்கியாச்சு. சரி. நேத்து பெட்ரோல் தீந்து தளி ரோட்டுல மொபெட்டைத் தள்ளிக்கிட்டு வந்தது யாரு கண்ணு?

அதே தளி ரோட்டுலதான், பெலகொண்டப்பள்ளியில ஒரு தனியார் ஓடுதளம் கெடக்கு. 2009 நவம்பர் 16. ராணுவத்துக்கு ஆராய்ச்சி பண்ற டிஆர்டிஓக்காரங்க ருஸ்தம்-1ங்கிற ஆளில்லா விமானத்தை அங்க கிளப்பினாங்க. ஓடினது சுத்தம். எழும்பினதும் சுத்தம். அப்புறம்? உயரத்தைத் தப்பாக் கணிச்சு, கீழ இருந்தே என்ஜினை அணைச்சுட்டாங்க! பொத்துனு விழுந்துச்சு. நல்லவேளை, உள்ள ஆளில்லை. தப்பை மறைக்காம அவங்களே சொன்னாங்க பாரு, அதுக்கு ஒரு கும்பிடு. அடுத்த வருசம் அக்டோபர்ல அதே ஓசூர்ல பறக்கவும் வச்சாங்க.

அந்த ருஸ்தமுக்கு மூலம், அமெரிக்காவுல பர்ட் ரூட்டன் வரைஞ்ச லாங்-ஈஸி. வீட்டுக் கொட்டாயிலயே கட்டிக்கிற குட்டி விமானம். 1997 அக்டோபர்ல பாட்டுக்காரர் ஜான் டென்வர் அதுல ஒண்ணை ஓட்டினார். டேங்க் மாத்துற திருகு ரெண்டு காலுக்கு நடுவுல இருக்கணும்னு வரைபடம். கட்டின புண்ணியவான் அதை இடது தோளுக்குப் பின்னால கொண்டுபோய் வச்சுட்டார். எண்ணெயும் கொஞ்சம்தான். பாவம் மனுசன், திருகை எட்டத் திரும்பினதுல பிடி தவறி கடல்ல விழுந்தார்னு விசாரணை சொல்லுச்சு. உப்பு டப்பாவை முதுகுக்குப் பின்னால வச்சா உங்க பாட்டி சும்மா விடுவாளா? உன் மொபெட்டுக்குக்கூட டேப்பு கால்கிட்டதானடா இருக்கு!

சரி, நீயே ஓட்டுறேன்னு வை. கிளம்பின உடனே என்ஜின் மூச்சு நின்னா என்ன பண்ணுவே? ஓடுதளத்துக்கே திரும்புவியா? அந்த ஆசைதான் பல பேரைக் கொண்டுபோயிருக்கு. தாழ்வா இருக்கையில வளைச்சா வேகம் செத்துடும். வேகம் செத்தா றெக்கை தாங்காது. மொதல்ல மூக்கைத் தாழ்த்து. எதிர்ல அறுத்த ராகிக் காடு இருக்கா? நேரா இறங்கு. விமானம் உடைஞ்சா உடையட்டும், நீ நடந்து வா. ஏறத் தெரிஞ்சவனைவிட இறங்கத் தெரிஞ்சவன்தான் கெட்டிக்காரன்.

இன்னொண்ணு. பறக்கறதுக்கு முன்னாடி டேங்க் அடியிலேருந்து ஒரு சின்னக் குப்பியில எண்ணெய் பிடிச்சு வெளிச்சத்துல பாப்பாங்க. தண்ணி கலந்திருந்தா கனத்துல அடியில தங்கும். அது போய் அடைச்சா என்ஜின் இருமும். எவ்ளோ பெரிய பைலட்டா இருந்தாலும் குனிஞ்சுதான் பிடிக்கணும். தோள்ல பட்டை வச்ச சட்டைன்னு தண்ணி பயந்து ஓடிடுமா?

அதனால கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு வா. மொபெட் டேங்க் மூடியைத் திற. மொதல்ல அதுல எவ்ளோ இருக்குன்னு பாத்துச் சொல்லு.