பல்புக்குத் தனிக்குடித்தனம்

தீபாவளித் தள்ளுபடியில் வாங்கிய ஸ்மார்ட் சாமான்களெல்லாம் இப்போதுதான் பெட்டியை விட்டு வெளியே வருகின்றன போலிருக்கிறது. இந்த வாரத் தபாலில் அரசியல் இல்லை, கிரிக்கெட் இல்லை. எல்லாம் வைஃபை.

கேள்வி: 700 ரூபாய் கொடுத்து ஸ்மார்ட் பல்பு வாங்கினேன். ஆப்பில் பாஸ்வேர்டு போட்டால் வட்டம் 99 வரை சுற்றிவிட்டு ‘இணைக்க முடியவில்லை’ என்கிறது. அதே வைஃபையில் போனில் சினிமா ஓடுகிறது. பல்பு பழுதா, நான் பழுதா?
— ஸ்டூல் மேல் நிற்பவர், மடிப்பாக்கம்

பதில்: முதலில் ஸ்டூலை விட்டு இறங்குங்கள். இரண்டு பேரும் பழுதில்லை.

உங்கள் ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் பேசுகிறது. முன்பெல்லாம் இரண்டுக்கும் இரண்டு பெயர் தெரியும். இப்போது வருகிற ரவுட்டர்கள் இரண்டையும் ஒரே பெயருக்குள் வைத்துக்கொண்டு, யாரை எதில் உட்கார வைப்பது என்று தாமே முடிவு செய்கின்றன, பந்தியில் இடம் காட்டுகிறவர் மாதிரி. உங்கள் போனைப் பார்த்ததும் ‘வாங்க, வாங்க’ என்று 5-ல் உட்கார வைத்துவிட்டது. பல்புக்கோ 2.4-ஐத் தவிர வேறு எதுவும் காதில் விழாது.

‘அதனாலென்ன, ஒரே ரவுட்டர்தானே?’ என்பீர்கள். நியாயம். உள்ளே வந்து சேர்ந்த பிறகு ஒரு தகராறும் இல்லை. தகராறு முதல் அறிமுகத்தில்தான். பல்புக்கு பாஸ்வேர்டு தெரியாது. தெரியாமல் உள்ளே வர முடியாது. உள்ளே வராதவரிடம் பாஸ்வேர்டை எப்படிச் சொல்வது? இதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். வைஃபையில் பறக்கிற பொட்டலங்கள் பூட்டு போட்டவை; உள்ளே இருப்பது பல்புக்குத் தெரியாது. ஆனால் பொட்டலம் எவ்வளவு நீளம் என்பது வெளியிலிருந்தே தெரியும். ஆகவே ஆப் விதவிதமான நீளத்தில் பொட்டலங்களை அனுப்புகிறது. அந்த நீளங்களே எழுத்துகள். சாத்திய கதவுக்குப் பின்னால் பேசுவது புரியாவிட்டாலும் எத்தனை தடவை இருமினார்கள் என்று எண்ணலாம் அல்லவா, அப்படி. உங்கள் போன் 5-ம் நம்பர் கதவுக்குப் பின்னால் தொண்டை வறள இருமுகிறது. பல்பு 2.4 கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறது. அங்கே இருமியதை இங்கே கொண்டுவந்து சேர்க்கிற ரவுட்டர்களும் உண்டு. உங்களுடையது அந்த ரகமில்லை போல.

எனக்கும் இது நடந்திருக்கிறது. எங்கள் வராந்தா பல்புக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. ஒவ்வொரு தடவை தோற்றதும் சுவிட்சை மூன்று முறை போட்டு அணைக்க வேண்டும். அப்போதுதான் பல்பு படபடவென்று கண் சிமிட்டி ‘நான் தயார்’ என்று சொல்லும். பதினோராவது தடவை எதிர்வீட்டு மாமி வந்து, “உங்காத்துலயும் வோல்டேஜ் ஏறி ஏறி இறங்கறதா?” என்று விசாரித்தார். வெறுத்துப்போய் போனும் கையுமாக கேட் வரை நடந்தேன். கேட்டருகே வட்டம் 100-ஐத் தொட்டது, வராந்தாவில் விளக்கு எரிந்தது. வேண்டுதல் பலித்ததாகத்தான் நினைத்தேன். விஷயம் வேறு: அத்தனை சுவர் தாண்டியதில் 5-ன் பலம் குறைந்து, போன் தானாக 2.4-க்கு இறங்கியிருந்தது.

நீங்கள் நடக்க வேண்டாம். ரவுட்டரில் 5-ஐப் பத்து நிமிஷம் அணைத்து, பல்பைச் சேர்த்துவிட்டு, மறுபடி போட்டுவிடுங்கள். அதுவும் கைவராவிட்டால் ஆப்பில் ‘ஏபி மோட்’ என்று ஒன்று ஒளிந்திருக்கும். அதில் பல்பு நிதானமாகச் சிமிட்டும். தானே ஒரு குட்டி வைஃபையாக மாறி நிற்கும். போன் அதற்குள் போய் பாஸ்வேர்டைக் கையிலேயே கொடுத்துவிட்டு வரும். இருமல் வைத்தியம் தேவையில்லை.

கேள்வி: இரண்டு அலைவரிசையையும் தனித்தனிப் பெயரில் பிரித்துவிடு என்கிறார் கணவர். பிரித்தால் வேகம் போய்விடும் என்கிறான் மகன். யார் பக்கம் நிற்பது?
— நடுவில் மாட்டிய அம்மா, கோவை

பதில்: இரண்டு பேரும் பாதி சரி. அதாவது இரண்டு பேரும் சண்டையைத் தொடரலாம்.

பிரித்தால் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். வாஷிங் மெஷின், கீசர் பிளக், கேமரா எல்லாம் 2.4-ல், டிவி, லேப்டாப் 5-ல். கணவர் கேட்பது இந்த ஒழுங்கைத்தான். ஆனால் போன் என்பது வீடெல்லாம் சுற்றுகிற ஜீவன். ஹாலில் 5-ல் இருக்கும். பின்கட்டுக்குப் போனால் 2.4-க்கு மாற வேண்டும். ஒரே பெயராக இருந்தால் ரவுட்டர் தள்ளிவிடும். தனிப் பெயரென்றால் போன் பழைய இடத்தை லேசில் விடாது. ஒற்றைக் கோட்டோடு தொங்கிக்கொண்டிருக்கும். மகன் பயப்படுவது அதற்கு.

என் கட்சி மூன்றாவது. முதன்மை வைஃபை கூட்டுக்குடும்பமாகவே இருக்கட்டும். ரவுட்டரில் விருந்தினர் நெட்வொர்க் என்றோ, புதிதென்றால் ஐஓடி நெட்வொர்க் என்றோ ஒன்று இருக்கும். அதை 2.4-ல் மட்டும் திறந்து, பல்பு வகையறாவை அங்கே குடியேற்றுங்கள். வாடகை கிடையாது.

செய்யும் வழி: ரவுட்டரைக் கவிழ்த்துப் பார்த்தால் ஸ்டிக்கரில் 192.168.1.1 என்பது போல ஒரு எண்ணும் பயனர் பெயரும் இருக்கும். அந்த எண்ணை பிரௌசரில் அடித்தால் அமைப்புப் பக்கம் திறக்கும். இரண்டையும் ஒன்றாக்குகிற பொத்தானுக்குக் கம்பெனிக்கு ஒரு பெயர்: ஒருவர் ‘ஸ்மார்ட் கனெக்ட்’ என்பார், இன்னொருவர் ‘பேண்ட் ஸ்டீரிங்’ என்பார்.

பிரித்தே தீருவேன் என்று கணவர் நின்றால் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் 2.4-க்கு விட்டுவிட்டு, 5-க்குப் புதுப் பெயர் வைக்கட்டும். எல்லோரும் தலைகீழாகச் செய்துவிட்டு, ஏற்கெனவே ஒழுங்காக இருந்த ஏழு பல்புகளுக்கும் மறுபடி பாடம் நடத்துகிறார்கள். போனுக்குப் புதுப் பெயர் சொல்லிக்கொடுக்க அரை நிமிஷம். பல்புக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை.

கேள்வி: என் போன் 4ஜி. வைஃபை பெயரின் வாலில் 5ஜி என்று இருக்கிறது. கடைக்காரர் புது போன் வாங்கச் சொல்கிறார்.
— சேமிப்பில் கை வைக்காதவர், விருதுநகர்

பதில்: வைக்காதீர்கள். போனில் 5ஜி என்றால் ஐந்தாம் தலைமுறை. ரவுட்டரில் அது ஐந்து கிகாஹெர்ட்ஸ். எங்கள் தெருவில் மூன்று குமார் இருக்கிறார்கள். ஒருவர் வாங்கிய கடனை மற்ற இருவரும் கட்டுவதில்லை.

கேள்வி: இந்தக் காலத்திலும் பல்பு, பிளக், கேமராவுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைக்காதது கம்பெனிக்காரர்களின் கஞ்சத்தனம்தானே?
— எதையும் சந்தேகிப்பவர், சேலம்

பதில்: கஞ்சத்தனம் உண்டு, மறுக்கவில்லை. ஷாங்காயைச் சேர்ந்த எஸ்ப்ரெஸிஃப் கம்பெனி 2014-ல் ஈஎஸ்பி8266 என்று ஒரு சில்லை இறக்கியது. விரல்நுனி அளவு, விலை அதைவிடச் சின்னது, 2.4 மட்டும் தெரியும். மலிவு ஸ்மார்ட் சாமான்களின் பெருக்கத்துக்கு அது ஒரு பெரிய காரணம்.

ஆனால் கஞ்சத்தனம் மட்டுமே இல்லை. 2.4-ன் அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், 5-ன் அலை அதில் பாதிகூட இல்லை. நீள அலை செங்கல் சுவரைத் தாண்டி மொட்டை மாடி வரை ஓரளவு தாக்குப்பிடிக்கும். குட்டை அலையில் நெட் வேகம் அதிகம், ஆனால் ஒரு கான்கிரீட் சுவர், ஒரு இரும்பு பீரோ எதிர்ப்பட்டால் சுருண்டுவிடும். ‘எரி’, ‘அணை’ என்ற இரண்டு வார்த்தை கேட்க பல்புக்கு வேகம் எதற்கு? எட்டினால் போதும்.

சட்டமும் ஒரு காரணம். அமெரிக்கா 1985-லேயே 2.4-ஐ உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது, இந்தியாவில் 2005. அது கிட்டத்தட்ட உலகம் பூராவும் செல்லும் நாணயம். 5-ல் நாட்டுக்கு நாடு விதி மாறும். சில சேனல்களில் வானிலை ரேடார் சத்தம் கேட்டால் ரவுட்டர் வாயை மூடிக்கொண்டு வேறு சேனலுக்கு எழுந்து போக வேண்டும். இங்கே 5-ல் தாராளமாக இடம் கிடைத்ததே 2018 அக்டோபரில்தான். ஒரே பல்பை நூறு நாட்டில் விற்கிறவன் எந்த வம்புக்குப் போவான்?

கேள்வி: நான் மைக்ரோவேவில் சாதம் சுட வைத்தால் பேரன் ‘நெட் போச்சு’ என்று கத்துகிறான். பழி போடுகிறானா?
— ஒரு பாட்டி, ஸ்ரீரங்கம்

பதில்: இல்லை பாட்டி, இந்த ஒரு விஷயத்தில் அவன் சொல்வது நிஜம். அந்த அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. கதவிடுக்கில் கசிகிற துளி சாதத்துக்குப் பொருட்டில்லை, உங்களுக்கும் பொருட்டில்லை. பக்கத்தில் இருக்கும் வைஃபைக்குப் பெரிய இரைச்சல். பேரனை 5-ல் சேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள். சாதம் சூடாகட்டும்.

கேள்வி: வைஃபைக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா? ‘கற்பகம் இல்லம்’ என்று வைக்கப் பார்த்தேன், ஏற்கவில்லை.
— தமிழ்ப் பற்றாளர், மதுரை

பதில்: ரவுட்டருக்குத் தமிழ் விரோதம் கிடையாது, அதன் பெயர்ப்பலகை சின்னது. மொத்தம் 32 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் ஆகிறது. தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று. புள்ளிக்கும் கொக்கிக்கும் தனித்தனியாக மும்மூன்று. ‘கற்பகம் இல்லம்’ என்பதில் பதின்மூன்று குறிகள், ஒரு இடைவெளி: 40 பைட். பலகையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ‘நம்ம வீடு’ என்றால் 25. தாராளமாகக் கொள்ளும்.

ஆனால் பற்றை 5-ன் பெயரில் காட்டுங்கள். 2.4-க்கு இடைவெளியும் சிறப்புக் குறியும் இல்லாத எளிய ஆங்கிலப் பெயரே இருக்கட்டும். போன் தமிழ் படிக்கும். மலிவு பிளக்குகள் சில திணறும்.

கேள்வி: போன் 2.4-ல், டிவி 5-ல் இருந்தால் போனில் ஓடும் வீடியோவை டிவிக்கு அனுப்ப முடியுமா?
— சீரியல் ரசிகை, நாகர்கோவில்

பதில்: முடியும். பெயர் இரண்டானாலும் வீடு ஒன்று. மாடியும் கீழ்க்கட்டும் மாதிரி. முடியாமல் போவது விருந்தினர் நெட்வொர்க்கில். அங்கே இருப்பவர்களை உள்வீட்டுக்காரர்களோடு பேச விடாமல் ரவுட்டர் திண்ணையோடு நிறுத்திவிடும். ஆகவே டிவியைத் திண்ணைக்கு அனுப்பாதீர்கள். பல்பு போகலாம், அது பெரும்பாலும் கம்பெனியின் சர்வர் வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டுதான் உங்கள் போனோடு பேசும்.

கேள்வி: திண்ணையில் வைக்கிற அளவுக்கு ஒரு கேமரா என்ன கெடுதல் செய்துவிடும்?
— அப்பாவி, வேலூர்

பதில்: 2016-ல் மிராய் என்ற நாசகார மென்பொருள் செய்ததைக் கேளுங்கள். கம்பெனி போட்டு அனுப்பிய பயனர் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபது சொச்சம் அதன் சட்டைப்பையில் இருந்தன. அதை வைத்துக்கொண்டே வீட்டுக் கேமராக்களிலும் வீடியோ பதிவுப் பெட்டிகளிலும் நுழைந்து படை திரட்டியது. அந்த அக்டோபர் 21 அன்று அந்தப் படை, இணையதளங்களுக்கு வழிகாட்டும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவில் பலருக்கு முடங்கின. கேமராவின் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். ரவுட்டரின் பாஸ்வேர்டு இன்னும் ‘அட்மின்’ என்றுதான் இருக்கிறதா? பதில் எழுதிப் போட வேண்டாம், மாற்றினால் போதும்.

கேள்வி: புது ரவுட்டர் மாட்டிவிட்டுப் போனார்கள். பெயர், பாஸ்வேர்டு எல்லாம் பழையதே வைத்தும் இரண்டு பிளக் வர மறுக்கின்றன.
— பொறுமைசாலி, புதுச்சேரி

பதில்: பெயரைப் பழையபடி வைத்தீர்களே, அதுவே பாதி ஜெயம். மீதி மூன்று இடத்தில் ஒன்றில் இருக்கும். பாதுகாப்பு ‘டபிள்யூபிஏ3 மட்டும்’ என்று இருந்தால், 2018-ல் வந்த அந்தப் பூட்டு பழைய பிளக்குக்குத் தெரியாது. ‘டபிள்யூபிஏ2’ அல்லது இரண்டும் கலந்ததாக மாற்றுங்கள். சேனல் ‘தானாக’ என்று இருந்தால் ரவுட்டர் 12, 13-ல் போய் உட்கார்ந்திருக்கலாம். அமெரிக்கச் சந்தைக்கென்று செய்த பொருள்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. 1, 6, 11-ல் ஒன்றை வையுங்கள். கடைசியாக, 2.4-ல் வைஃபை 6 முறையை அணைத்துப் பாருங்கள்; சில பழசுகள் அதைக் கண்டாலே மிரளும்.

கேள்வி: வைஃபையைக் கண்டுபிடித்தது ஒரு ஹாலிவுட் நடிகை என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?
— பகிர்ந்துவிட்டவர், ஈரோடு

பதில்: ஹெடி லமார். ஆனால் வைஃபை இல்லை. அவரும் ஜார்ஜ் ஆன்தைல் என்ற இசையமைப்பாளரும் 1942-ல் காப்புரிமை பெற்றது, டார்பிடோவை வழிநடத்தும் ரேடியோவை எதிரி குழப்பாதபடி அலைவரிசை விட்டு அலைவரிசை தாவ வைக்கும் யோசனைக்கு. பியானோ கட்டைகள் மாதிரி 88 அலைவரிசைகள். 1997-ல் வந்த முதல் வைஃபை தரத்தில் தாவுவதும் ஒரு வழியாக இருந்தது, பிறகு கைவிட்டார்கள். இன்றும் தாவிக்கொண்டிருப்பது புளூடூத், அதுவும் அதே 2.4-ல். பகிர்ந்ததைத் திரும்பப் பெற வேண்டாம். அந்த அம்மாளுக்கு வேறு விதத்தில் மரியாதை குறைவாகத்தான் கிடைத்தது.

கேள்வி: இவ்வளவு பாடுபட்டு பல்பைப் போனில் ஏன் போட வேண்டும்? சுவரில் சுவிட்ச் இல்லையா?
— ஒரு மாமனார், கும்பகோணம்

பதில்: இருக்கிறது ஐயா. அதைத் தொடாதீர்கள் என்பதுதான் உங்கள் மாப்பிள்ளை சொல்லத் தயங்குகிற விஷயம். சுவரில் அணைத்தால் பல்புக்கு மின்சாரமே போகாது. பிறகு போனில் எவ்வளவு தட்டினாலும் எழுந்திருக்காது. எங்கள் வீட்டில் அந்தச் சுவிட்சின் மேல் செலோடேப் ஒட்டியிருக்கிறேன். வாரம் ஒரு முறை யாரோ பிரித்துவிடுகிறார்கள். நீங்களும் பிரித்துவிட்டு, ‘எரியலையே’ என்று மூன்று முறை போட்டு அணைத்து மட்டும் பார்த்துவிடாதீர்கள். பல்பு உங்கள் வீட்டு வைஃபையையே அடியோடு மறந்து, படபடவென்று கண் சிமிட்டத் தொடங்கும். மாப்பிள்ளை மறுபடி ஸ்டூல் மேல் ஏற வேண்டும்.