பழைய காந்தம், புதிய பிளக்

கேள்வி: லேப்டாப் சார்ஜரில் காந்தம் வைத்ததற்கெல்லாம் காப்புரிமையா? காந்தம் ஒட்டும் என்று குழந்தைக்கும் தெரியுமே?

பதில்: காந்தத்துக்காகத் தரவில்லை. 2006இல் ஆப்பிள் கொண்டுவந்த மேக்சேஃப் சார்ஜரில், யார் காலாவது வயரில் தடுக்கினால் பிளக் மட்டும் கழன்றுவிடும், லேப்டாப் கீழே விழாது. ஜப்பானியச் சமையல் சாதனங்களிலும் டீப் ஃப்ரையர்களிலும் அதற்கு முன்பே காந்த பிளக் உண்டு; கொதிக்கும் எண்ணெய் யார்மீதும் கவிழக் கூடாதே! ஆப்பிள் அதில் கூட்டியது வேறு. எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் பொருந்தும். காந்தங்களை எதிரெதிர்த் துருவங்களாக அடுக்கியதால் பிடிப்பும் கூடியது. 2007இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது இந்த வித்தியாசத்துக்குத்தான்.

கேள்வி: அதுவும் ஒரு நல்ல இன்ஜினியருக்குத் தோன்றியிருக்காதா?

பதில்: சட்டம் கேட்பதும் இதையேதான். ஆனால் மேதையை வைத்து அளக்காது, அந்தத் துறையில் சாதாரணத் திறமை உள்ளவரை வைத்து அளக்கும். முன்பு என்னென்ன இருந்தன, புதியது எங்கே மாறுகிறது, அந்தத் துறைக்காரரின் திறமை எவ்வளவு: 1966இல் கிரஹாம் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த வழி இது. விடை தெரிந்த பின் எந்த விடுகதையும் சுலபம்தான். அதனால் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இதில் என்ன இருக்கிறது’ என்று கேட்பது அநியாயம். அது வருவதற்கு முந்தைய நாளில் போய் நின்று கேட்க வேண்டும்.

கேள்வி: இரண்டு பழைய பொருளைச் சேர்த்தால் கண்டுபிடிப்பாகுமா?

பதில்: வெறுமனே சேர்த்தால் ஆகாது. நகர்த்தி அமைக்கும் கார் பெடலில் எலக்ட்ரானிக் சென்சரைப் பொருத்தியதை 2007இல் கேஎஸ்ஆர் வழக்கில் அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. பழைய பாகங்கள் பழைய வேலையையே செய்தன, எதிர்பார்த்த பலனே வந்தது. ஆனால் ஆடம்ஸ் என்பவரின் பேட்டரியைப் பாருங்கள். மக்னீசியமும் குப்ரஸ் குளோரைடும் ஏற்கெனவே தெரிந்தவை. தண்ணீர் ஊற்றினால் அது வேலை செய்யும் என்று நிபுணர்களே நம்பவில்லை. செய்தது! 1966இல் அதே நீதிமன்றத்தில் காப்புரிமையும் நிலைத்தது.

கேள்வி: நன்றாக விற்றால் அதுவும் கண்டுபிடிப்பு என்பதற்குச் சாட்சியா?

பதில்: சாட்சிதான், புதுமையால் விற்றது என்று காட்டினால். நட்டு சற்றுத் தளர்ந்தாலும் மின்தொடர்பு அறாத கேபிள் டிவி கனெக்டர் பற்றிய வழக்கொன்றில், விற்பனை வெற்றியைச் சரியாக எடைபோடவில்லை என்று 2016இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் காப்புரிமை வாரியத்துக்கே வழக்கைத் திருப்பி அனுப்பியது. எனக்கு இது மிகவும் பிடித்த தீர்ப்பு.

கேள்வி: நம் நாட்டில்?

பதில்: 1970ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு, தனித்தனியே இயங்கும் பழைய கருவிகளை வெறுமனே இடம் மாற்றி அடுக்குவதைக் கண்டுபிடிப்பாக ஏற்காது. வெறும் பட்டறைத் திருத்தம் போதாது என்று உச்ச நீதிமன்றமும் பாத்திரம் செய்யும் முறை பற்றிய வழக்கில் சொல்லியிருக்கிறது.

கேள்வி: என் பட்டறையில் புது கனெக்டர் செய்திருக்கிறேன். கடைக்காரர்களிடம் காட்டலாமா?

பதில்: வேண்டாம், முதலில் விண்ணப்பம்! தற்காலிக விவரக்குறிப்பு தாக்கல் செய்தால், முழு விவரக்குறிப்புக்கு 12 மாதம் கிடைக்கும். சந்தையிலுள்ள கனெக்டர்கள் எங்கே சுடுகின்றன, எங்கே கழல்கின்றன என்பதையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். ‘இது யாருக்கும் தோன்றும்’ என்று எதிர்த்தரப்பு வாதாடும்போது அந்த நோட்டு உதவும்.