மூணாஞ் சாவி

கேக்குதா அப்புனு? மிச்சிகன்ல பழைய ஃபோர்டு ஃபோகஸ் ஒண்ணு வாங்கினயாமா. கடையில புதுசா ஒரு சாவி வெட்டியாந்தே, கதவு தொறந்துச்சு, வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகலீன்னு உங்கொம்மா சொன்னா. ஃபோர்டோட தலைமை ஆபீசு டியர்பார்ன் உனக்குக் கூப்புடு தூரம். நீ என்னடான்னா இங்க காங்கேயத்துல இருக்கற அப்பாரைக் கேக்கச் சொல்லியுடறே.

படிச்ச புள்ளைன்னு பேரு. வெறும் இரும்பை வெட்டீட்டு வந்திருக்கறே! சாவித் தலைக்குள்ள துளியூண்டு சிப் ஒண்ணு இருக்கோணும். அதுக்குப் பேட்டரி கெடையாது. பூட்டைச் சுத்திக் காயில் வெச்சிருக்கறான். சாவியத் திருப்புனா காயில் அதுக்குக் கரண்டு ஊட்டும், சிப் தன்ற நெம்பரைச் சொல்லும், நெம்பர் ஒத்துப்போனா எஞ்சினுக்கு உத்தரவு. ஒத்துப்போகலீன்னா திருட்டு வெளக்கு படபடன்னு மினுக்கும். காசு போட்டு வாங்குன உன்னையே திருடங்குது பாரு, அதுக்குப் பேருதான் பேட்ஸ்.

சிப் வெச்ச பழைய சாவி ரெண்டு கைல இருக்குதல்லொ? அப்ப அதே சாதிச் சிப் வெச்ச சாவியா ஒண்ணு வாங்கி வெட்டு, மிச்சத்த ஊட்டு வாசல்லயே முடிச்சுக்கலாம். மொதச் சாவியப் போட்டு ‘ஆன்’ வரைக்கும் திருப்பு, ஸ்டார்ட் பண்ணாதே. மூணு செகண்டுக்குக் கொறையாம, பத்தைத் தாண்டாம வெச்சிருந்து, ஆஃப் பண்ணி உருவு. பத்து செகண்டுக்குள்ள ரெண்டாஞ் சாவி, அதே மாதிரி. அதை உருவுன கையோட புதுசைச் சொருகித் திருப்பு. ரெண்டு பங்காளி நேர்ல வந்து நின்னாத்தான் மூணாவது ஆளைப் பந்தியில உக்கார உடும். வெளக்கு மூணு செகண்டு எரிஞ்சு அணைஞ்சா ஏத்துக்கிச்சு. மினுக்குனா இருவது செகண்டு சும்மா குக்கோந்திருந்து, மொதல்ல இருந்து வா. சும்மா குக்கோர்றது உனக்குச் சொல்லித்தரோணுமா?

மாடலுக்கு மாடல் இந்தச் செகண்டுக் கணக்கு மாறும். முன்னால பெட்டிக்குள்ள ஒரு பொஸ்தகம் கெடக்குமே, நீ பிரிச்சே பாக்காதது, அதுல போட்டிருப்பான். மூணு சாவியையும் ஒரே வளையத்துல கோத்துக்காதே. பக்கத்துச் சிப்பும் கூடவே பேசும், காயிலுக்கு எவன் பேச்சும் வெளங்காது.

பக்கத்தூட்டுக்காரன் ஜிஎம் வண்டிக்குச் செஞ்சதப் பாத்து நீயும் செய்யாதே. அதுல சில மாடலுக்குப் பத்துப் பத்து நிமிசமா மூணுவாட்டி, அரை மணி நேரம் தவங் கெடக்கோணும். புதுசைச் சேத்துக்கும், பழசையெல்லாம் மறந்துபோடும். அப்பறம் அல்லாத்தையும் மறுக்காப் பதியோணும்.

உன்ற வண்டிக்கு எட்டுச் சாவி வரைக்கும் நெனப்பிருக்கும். வித்தவங்கிட்ட இன்னொண்ணு இருக்குதான்னு கேட்டயா? கேட்டிருக்க மாட்டே. நீ மூணாவதைச் சேத்தறதால அவனுது அழியாது. அழிக்கோணும்னா கம்ப்யூட்டர் வெச்சிருக்கறவனுக்குக் காசு அழுவோணும். அழிச்சப்பறமும் ரெண்டு சாவியாவது பதிஞ்சாத்தான் வண்டி கெளம்பும்.

பழைய ரெண்டுல ஒண்ணத் தொலைச்சாலும் அந்தக் கம்ப்யூட்டர்காரங்கிட்டத்தான் போய் நிக்கோணும். அதனால இந்த ஞாயித்துக்கெழமையே செஞ்சு, மூணாவத உம் பொண்டாட்டிகிட்டக் குடுத்துப்போடு. உன்ற பொறுப்பு எனக்குத் தெரியாதா, கண்ணாலத்துல போட்ட மோதரம் எங்கடா?