உவரியா, பிரேசிலா?

கேள்வி: சென்னைக் கம்பெனி வேலையைக் கடலோர ஊரான உவரியில் வீட்டிலிருந்தே பார்க்கிறேன். பிரேசிலில் நடுத்தர நகரம் ஒன்றில் கடலோரமாக, குறைந்த செலவில் இருந்துகொண்டு இதே வேலையைப் பார்க்கலாமா?

பதில்: தாராளமாகப் பார்க்கலாம் தம்பி. 2022 முதல் இதற்கென்றே அங்கே விசா உண்டு. மாதம் 1,500 டாலர் வருமானம் காட்ட வேண்டும். ஆனால் பிரேசிலியா நேரம் நமக்கு எட்டரை மணி பின்னால். இங்கே காலை பத்து மணி மீட்டிங் என்றால் அங்கே நள்ளிரவு ஒன்றரை! விடியும்போது தூங்கப் போகிறவருக்குக் கடல் எந்த ஊரில் இருந்தால் என்ன?

உவரியில் அந்தப் பத்து மணிக்குள் கரைக்கு வந்த மீனை வாங்கிக் குழம்பே வைத்துவிடலாம். சுயம்புலிங்க சுவாமி கோயில் பக்கம் போனால், நேர்ச்சைக்கு ஓலைப்பெட்டியில் கடல் மண் சுமக்கிறவர்களின் கழுத்தில் ஈரம் வழிவதைப் பார்க்கலாம். ஊரிலிருந்து வேலை பார்ப்பதிலும் குறையில்லை: தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் 2011-லேயே அலுவலகம் திறந்துவிட்டது. கிராமத்திலிருந்து மென்பொருள் செய்வது நம் பக்கத்துக்குப் புதிதல்ல.

அதனால் உவரியிலேயே இருங்கள்; ஒரு இன்வெர்ட்டர் வாங்குங்கள். நெட்டுக்கு இரண்டாவது இணைப்பும் வேண்டும். உப்புக்காற்றில் சார்ஜர் முனை பச்சை பூத்துவிடும். வேலை முடிந்ததும் துடைத்து, மூடி வையுங்கள்.