பின்னந்தலைப் பிரச்சினை

நேற்று, கொரியாவில் நாங்கள் இருக்கும் சுவோன் நகரச் சந்தையில் என் மகன் யாரோ ஒரு பாட்டியின் பையைப் பிடித்துக்கொண்டு முள்ளங்கிக் கடைவரை போய்விட்டான். மூன்று வயது. நான் மீன்காரரிடம் சில்லறை வாங்கிக்கொண்டிருந்தேன். மாமியார் பின்னால் நிற்கிறார் என்று நினைத்தேன். அவனோ அந்தப் பைக்காரப் பாட்டியைத் தன் பாட்டி என்று நினைத்திருக்கிறான். பையன் கிடைத்ததும் மொத்தச் சந்தையும் என்னைத்தான் பார்த்தது. "அம்மாக்காரி எங்கே வாய் பார்த்துக்கொண்டிருந்தாள்?"

எதற்கும் அம்மாக்காரிதான். இதைப் பற்றி, அதாவது குழந்தை வளர்ப்பைப் பற்றி, எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் அவனை ஏமாற்றிய அந்தச் சுருள்முடி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஊரில் பாட்டிகளுக்கு முகம்தான் வேறு வேறு. பின்னந்தலை ஒன்றே ஒன்றுதான். ஒட்ட வெட்டி, விரல் நுழையாமல் சுருட்டி, எண்ணெயில் பொரித்தெடுத்த மாதிரி ஒரு பெர்ம். கொரியர்கள் இதைப் 'பாமா' என்பார்கள். சத்யபாமாவுக்கும் இதற்கும் பிடிவாதத்தில்தான் உறவு: மழைக்குக் கலையாது, காற்றுக்கு அசையாது, தலையணைக்கு மசியாது. பேருந்தில் ஏறினால் முன்வரிசையில் ஆறு காலிஃபிளவர். அதில் எந்தக் காலிஃபிளவர் என் மாமியார் என்று எனக்கே தெரியாது. இருமினால் தெரியும். இருமலும் இப்போது ஒரே மாதிரி கேட்கிறது. ஒருமுறை தவறான காலிஃபிளவரிடம் "உங்கள் மகன் என்னிடம் பேசுவதே இல்லை" என்று இரண்டு நிறுத்தம்வரை அழுதிருக்கிறேன். அவரும், "ஆமாம், என் மகனும் அப்படித்தான்" என்று ஆறுதல் சொல்லி இறங்கிப்போனார்.

ஏன் இத்தனை இறுக்கம் என்று மாமியாரைக் கேட்டேன். இறுக்கிப் போட்டால் மாதக்கணக்கில் நிற்குமாம், காசு மிச்சம். சீப்பு வேண்டாம். மெலிந்த முடி அடர்த்தியாகத் தெரியும். முதுகில் கட்டிய குழந்தை பிடித்து இழுக்க ஒன்றும் இருக்காது. கடைசிக் காரணத்தைச் சொல்லும்போது என் பின்னலைப் பார்த்தார். அது அப்போது என் மகன் கையில் தேர்வடமாக இருந்தது.

1933-இல் ஓ யொப்-ஜு என்ற பெண்மணி சியோலின் ஹ்வாஷின் பல்பொருள் அங்காடியில் அழகு நிலையம் திறந்தபோது, பெர்ம் என்பது புதுமைப் பெண்களின் துணிச்சல். இன்று அதுவே பாட்டிகளின் சீருடை. அதற்கும் முன்னால், சோசொன் அரச காலத்துப் பணக்கார வீடுகளில் சவுரியைக் கோபுரமாக அடுக்குவார்கள். 1756-இல் யொங்ஜோ மன்னர் அதற்குத் தடை போட்டார். மாமனார் வந்தாரென்று சட்டென எழுந்த 13 வயது மருமகள் ஒருத்தி, தலைப்பாரத்தில் கழுத்து முறிந்து செத்ததாக அக்கால அறிஞர் யி தொக்-மு எழுதி வைத்திருக்கிறார். மாமனாருக்கு என்ன ஆயிற்று என்று எழுதவில்லை. ஒன்றும் ஆகியிருக்காது.

குழந்தை வளர்ப்புக்கு வருகிறேன். மகனுக்கு நூறு நாள் ஆனபோது மொட்டையடிக்க வேண்டும் என்றார் மாமியார். அப்போதுதான் முடி அடர்த்தியாக வருமாம். தஞ்சாவூரிலிருந்து அம்மா காணொளியில் துள்ளிக் குதித்தாள். இரு நாட்டுத் தலைவர்களும் முதன்முறையாக உடன்பட்டார்கள். முடி யாருக்கு என்பதில்தான் பேச்சுவார்த்தை முறிந்தது. அந்த முதல் முடியில் தூரிகை செய்து வைப்பது இங்கே வழக்கம். "சாமி முடியில் பிரஷ்ஷா?" என்றாள் அம்மா. இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தவள் நான். அந்த நூறாவது நாளில் என் முடியும்தான் கொத்துக் கொத்தாகக் கொட்டி, குளியலறைச் சாக்கடையை அடைத்துக்கொண்டிருந்தது. அதை யாரும் சாமிக்கும் கேட்கவில்லை, தூரிகைக்கும் கேட்கவில்லை.

நேற்றுக்கு வருகிறேன். பேரன் தொலைந்து கிடைத்ததற்கு மாமியார் அழவில்லை, பதறவில்லை. முள்ளங்கிக் கடைப் பாட்டியின் தலையையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எந்தக் கடையில் போட்டாராம், கேள். நன்றாக நிற்கிறது."

கேட்டேன். ராத்திரி அம்மாவிடம் நடந்ததையெல்லாம் கொட்டினேன். அவள் திரையில் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"சம்பந்தியம்மாவுக்கு இந்த வயசுல எவ்ளோ முடி பாரேன்! நீயும்தான் இருக்கியே."