விவாகரத்தை இழுத்தடிப்பது எப்படி?

இதற்குச் சட்டப் படிப்பு வேண்டாம். கொஞ்சம் வீம்பும் நாலு உறவினரும் இருந்தால் போதும். குடும்ப நீதிமன்ற வராந்தாவில் கறுப்புக் கோட்டோடு இருபது வருடம் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். இந்த யோசனைக்கு ஃபீஸ் கிடையாது.

முதலில் ஓர் எச்சரிக்கை. 1955-ஆம் வருடத்து இந்து திருமணச் சட்டத்தில் 13பி என்று ஒரு பிரிவு இருக்கிறது, 1976-இல் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். ஓராண்டு பிரிந்திருந்த இருவரும் சேர்ந்து ஒரே மனு போட்டு, ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை வந்து ‘ஆமாம், எங்கள் முடிவில் மாற்றமில்லை’ என்று சொன்னால் கதை முடிந்தது. சமரசத்துக்கு வழியே இல்லையென்றால் அந்த ஆறு மாதக் காத்திருப்பையும் கோர்ட்டே தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரிந்திருப்பதற்குத் தனி வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுக்கவும் வேண்டாம். ஒரே வீட்டில் கணவன் மனைவியாக வாழாமல் இருந்தாலும் அது பிரிவுதான். காபிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்பதிலேயே ஒத்துப்போகாத இருவர் இந்த ஒரு காரியத்தில் மட்டும் ஒத்துப்போவதா? நாலு பேர் என்ன பேசுவார்கள்?

ஆகவே தனி மனுவாகப் போடுங்கள், பிரிவு 13-இல். கல்யாணம் ஆகி ஒரு வருடம் முடிந்திருக்க வேண்டும்; அதற்குள் போடுவதென்றால் தாங்கமுடியாத கஷ்டம் என்று காட்டித் தனியாக அனுமதி வாங்க வேண்டும். காரணங்களைச் சட்டமே வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது: பிறருடன் உறவு, கொடுமை, இரண்டு வருடம் கைவிட்டுப் போனது, மதம் மாறியது, தீராத மனநோய், ஏழு வருடம் உயிரோடிருக்கும் தகவலே இல்லாதது, துறவு பூண்டது என்று போகும். தொழுநோயும் அதில் இருந்தது, 2019-இல்தான் எடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் தினமும் தத்துவம் அனுப்புவது துறவில் சேராது. ஒரு கட்சிக்காரர் கேட்டேவிட்டார். பெரும்பாலும் எல்லோரும் வந்து சேருமிடம் ‘கொடுமை’. மனுவில் நிஜமான கொடுமையை இரண்டு வரியில் முடித்துவிட்டு, தலைதீபாவளிக்கு எடுத்த வேட்டியின் கரை சரியில்லை என்பதற்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்குங்கள். எதிர்த்தரப்பு மறுக்க ஒன்றரைப் பக்கம், குறுக்கு விசாரணைக்கு ஒரு நாள். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மனுவோடு கல்யாணப் பத்திரிகையையும் ஜோடிப் போட்டோவையும் இணைக்க வேண்டும். ஆல்பத்திலேயே நன்றாகச் சிரித்திருக்கிற படத்தைத்தான் எப்படியோ எல்லோரும் எடுத்து வருகிறார்கள்.

எதிர்த்தரப்பில் இருப்பவரா நீங்கள்? பிரிவு 9 உங்களுக்காகவே இருக்கிறது. ‘சேர்ந்து வாழ உத்தரவிட வேண்டும்’ என்று பதிலுக்கு ஒரு மனு போடுங்கள், சேர்ந்து வாழும் எண்ணம் துளியும் இல்லாமல். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்படி உத்தரவாகி ஒரு வருடம் சேராமலே இருந்தால், அதையே காரணமாகக் காட்டி இருவரில் யாரும் விவாகரத்து கேட்கலாம். சேரச் சொல்லிப் போட்ட மனுவே பிரித்துவைக்கும்.

பிறகு ஜீவனாம்சம். வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். இந்தச் சட்டப்படி வருமானமில்லாத கணவனும் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. 2020 முதல் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது உச்ச நீதிமன்ற உத்தரவு. அதில் ‘வேலையில்லை, அண்ணன் தயவில் சாப்பிடுகிறேன்’ என்று எழுதிவிட்டு, அதே வாரம் கொடைக்கானலில் புதுக் காரோடு படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுங்கள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அச்செடுக்கும் செலவு மட்டும்தான்.

ஊர்ப் பெரியவர்கள் முன்னால் இருபது ரூபாய் பத்திரத்தில் ‘இனி ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லை’ என்று எழுதி முடித்துக்கொள்வது இன்னும் நல்ல வழி. சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு இருப்பதாக நிரூபித்தால் சட்டம் ஏற்கும். நிரூபிக்க முடியாவிட்டால் முதல் கல்யாணம் அப்படியே நிற்கும். அதை நம்பி இரண்டாவது கல்யாணமும் செய்துகொண்டால் உங்கள் பேரப்பிள்ளை காலம் வரை வழக்கு ஓடும்.

இதையெல்லாம் தாண்டி, எல்லாம் கூடிவந்த ஒரு சமரசம் கடைசி நேரத்தில் கலைந்ததை என் கண்ணால் பார்த்தேன். கவுன்சிலர் அறை. தொகை பேசி முடித்தாயிற்று, குழந்தையை எந்த ஞாயிறு யார் பார்ப்பது என்பதும் முடிந்தது. பெண் வீட்டார் சீர்ப் பட்டியலை நீட்டினார்கள். நாலு தாள், இரண்டு பக்கமும் எழுத்து. 37-ஆவது சாமானில் நின்றுபோனது: ஒரு பித்தளை அண்டா. எங்கள் வீட்டு அண்டா என்றார் மாப்பிள்ளையின் அம்மா. கொண்டுவாருங்கள் பார்க்கலாம் என்றார் பெண்ணின் தாய்மாமன். அடுத்த வாய்தாவுக்கு ஆட்டோவில் வந்து இறங்கியது. கவுன்சிலர் அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விளிம்பில் விரலை ஓட்டினார். பாத்திரக்கடையில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது: ‘தாய்மாமன் அன்பளிப்பு’. யாருடைய தாய்மாமன் என்று வெட்டவில்லை. பெண்ணுக்கும் தாய்மாமன் உண்டு, மாப்பிள்ளைக்கும் உண்டு. இரண்டு பேருமே வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். தீர்ப்பாகும்வரை சம்மதத்தை வாபஸ் வாங்கலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. அன்று சாயங்காலம் வாங்கிவிட்டார்கள்.

நோட்டீஸ் சேர்ந்த ஆறு மாதத்தில் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்றுதான் அந்தச் சட்டத்தின் 21பி பிரிவும் சொல்கிறது. அண்டா வழக்கு இப்போது ஐந்தாவது வருடத்தில் இருக்கிறது.

நீங்கள் வரும்போது காலை பத்தரைக்கே வந்துவிடுங்கள். பெயர் கூப்பிட மூன்று மணி ஆகும். சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கள்.