மார்ஷல் வாங்கப் போற பேராண்டிக்கு

வாங்கணும்னு நீ எழுதி வச்சிருக்க பட்டியலைப் பாத்தேம்ல பேராண்டி. கிப்சன் லெஸ் பால் கிட்டார் ஒண்ணு, 100 வாட் மார்ஷல் ஆம்ப் ஒண்ணு, அதுக்குக் கீழ நாலு நாலு ஸ்பீக்கர் போட்ட பெட்டி ரெண்டு, காலால மிதிக்கதுக்குப் பெடல் ஒரு வரிசை. வீடு என்னமோ மூணாவது மாடியில ஒத்தை ரூம்பு. கீழ வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வேற. நல்லது. பெட்டியைப் படியில ஏத்தையில அவரையும் ஒரு கை பிடிக்கச் சொல்லு, எல்லாக் காரியமும் ஒரேயடியா முடிஞ்சிரும்.

தாத்தனுக்கு இதுல என்ன தெரியும்னு நினைக்காத. கோயில் கொடைக்கும் சடங்கு வீட்டுக்கும் மைக் செட் கட்டினவன் நான். வால்வு சூடேறுத வாசத்தை வச்சே அது தேறுமா தேறாதான்னு சொல்லுவேன். நீ கும்பிடுத கிட்டார் சாமிமாருவ கதையையும் உக்காந்து படிச்சுட்டேன். படிச்சதுல ஒண்ணு விளங்குச்சு. அவனுவ ஒருத்தனும் பட்டியல் எழுதிக்கிட்டு கடைக்குப் போகல. அவனவனுக்கு ஒரு குறை இருந்துச்சு, அதுக்கு அவனவன் ஒரு மருந்து காய்ச்சினான். நீ அந்த மருந்துச் சீட்டைத் தூக்கிக்கிட்டு கடைக்கு ஓடுத. உனக்கு வியாதி என்னன்னு கேட்டா முழிக்க.

இங்கிலாந்துல பர்மிங்காம்னு ஒரு ஊரு. அங்க டோனி அயோமி, நீ சட்டையில படம் போட்டுத் திரியுதியே பிளாக் சபத், அந்தக் கூட்டத்துக்காரர். 17 வயசுல தகட்டுப் பட்டறையில வேலை. மறுநாள் முதக்கொண்டு வரமாட்டேன்னு சொல்லிட்டாரு. அந்தக் கடைசி நாளுல மிஷின் அவரு வலது கையில நடுவிரல் நுனியையும் மோதிர விரல் நுனியையும் கொண்டுபோயிட்டு. இடக்கைப் பழக்கக்காரர், அதனால கம்பியை அமுக்குத கை அதுதான். மனுசன் என்ன செஞ்சாரு? பாத்திரம் கழுவுத சோப்புத் தண்ணி பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி பண்ணினாரு. பழைய தோல் சட்டையை வெட்டி அது மேல ஒட்டினாரு. அப்பயும் தடிச்ச கம்பியை வளைக்க முடியல. லேசுக் கம்பி வேணும்னு பாஞ்சோ கம்பியை வாங்கி மாட்டினாரு. 1971ல வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ ஆல்பத்துல சுதியையே மூணு அரைச்சுரம் இறக்கிட்டாரு, கம்பி தொளதொளன்னு விரலுக்கு இதமா இருக்கட்டும்னு. அந்த இறங்கின சுதியை வச்சுத்தான் இன்னைக்கி ஊருப்பட்ட மெட்டல்காரன் பிழைக்கான்.

ஆம்ப் அவருக்கு லேனி. ஏன் லேனின்னு ஆராய்ச்சி பண்ணாத. அதே பர்மிங்காம்ல 1967ல தொடங்கின கம்பெனி, பக்கத்துல கிடைச்சுது. உனக்குப் பத்து விரலும் முழுசா இருக்கு. நகம் லேசா ஒடிஞ்சாலே ஊரைக் கூட்டுத ஆளு நீ, உனக்கு எதுக்குல சுதியை இறக்கணும்?

பிரயன் மே கதையைக் கேளு. குயீன் கூட்டத்துக்காரர். ஃபெண்டர் கிட்டார் வாங்க வீட்டுல துட்டு இல்ல. தகப்பனார் ஹாரால்டு எலக்ட்ரானிக்ஸ் வேலை தெரிஞ்சவரு. 1963 ஆகஸ்டுல அப்பனும் மவனுமா வீட்டுலயே கிட்டார் செய்ய உக்காந்தாவ. முடிக்க ரெண்டு வருசம் போல ஆச்சு. கழுத்துக்கட்டை பழைய கணப்படுப்புக்கு மேல கிடந்த மகோகனிப் பலகை. அதுல புழு துளைச்ச ஓட்டை, அதைத் தீக்குச்சி வச்சு அடைச்சாவ. கம்பியை ஆட்டுத பொறிக்கு 1928 மாடல் பாந்தர் மோட்டார்சைக்கிளோட வால்வு ஸ்பிரிங்கு. ஆட்டுத கைப்பிடி சைக்கிள் பை மாட்டுத கம்பி, அதோட நுனியில அம்மா ஸ்வெட்டர் பின்னுத ஊசி முனை. கட்டை மேல வச்ச வெள்ளைப் புள்ளி அம்மாவோட தையல் பெட்டிப் பித்தான். கம்பியை மீட்டுத பிளெக்ட்ரமுக்குப் பதிலா ஆறு பென்னி நாணயம். இந்தக் கோலத்துல 2002ல பக்கிங்காம் அரண்மனை மொட்டை மாடியில ஏறி நின்னு வாசிச்சாரு.

அதே கூட்டத்துல பாஸ் வாசிச்ச ஜான் டீக்கன் 1972ல லண்டன் தெருக் குப்பைத் தொட்டியில கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்து, அலமாரி ஸ்பீக்கர் பெட்டிக்குள்ள சொருகி, 9 வோல்ட் பேட்டரியில ஓட விட்டாரு. அந்தச் சின்னப் பெட்டியை வச்சுத்தான் பிரயன் மே வயலினு ஊதுகுழலு மாதிரியெல்லாம் பதிவு பண்ணினாரு. குப்பையில கிடந்தது! இன்னைக்கி அந்தக் கிட்டாருக்கும் நகல் விக்கான், அந்தப் பெட்டிக்கும் நகல் விக்கான். குப்பைத் தொட்டியைத்தான் இன்னும் யாரும் விக்கல. நீ கேட்டா அதையும் செஞ்சு தருவான்.

இனி உன் குலதெய்வம் எடி வான் ஹாலன். இவரைப் பத்திக் கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா இவரு நம்ம தொழில்காரரு. குத்தம் உள்ளதுன்னு கழிச்சுப் போட்ட உடம்புக்கட்டை, வேற இடத்துக் கழுத்து, கம்பிச் சத்தத்தைப் பிடிக்கதுக்கு கிப்சன்ல இருந்து பிடுங்கின பிக்கப்பு. அது கீச்சுகீச்சுனு கத்தாம இருக்கணும்னு மெழுகை உருக்கி அதுல முக்கி எடுத்தாரு. எத்தனை பிக்கப்பை அவிச்சுக் கெடுத்தாரோ, அது அவருக்குத்தான் வெளிச்சம். பொறவு ஆட்டுத பொறி அசையாம நிக்கதுக்கு அடியில 1971 வருசத்து அமெரிக்கக் கால் டாலர் காசை முட்டுக் குடுத்தாரு.

ஆம்ப் 100 வாட் மார்ஷல். இங்கதான் கவனி. வால்வு ஆம்ப்பை அதோட சக்திக்கு மேல முடுக்கினா சத்தம் உடைஞ்சு கரகரங்கும். நம்ம மைக் செட்ல அந்தக் கரகரப்பு வந்தா பந்தல்காலுல என்னைக் கட்டி வச்சிருவான். அவனுவ ஊருல அதுக்குத்தான் துட்டு. ஆனா 100 வாட்டை அந்த அளவுக்கு முடுக்கினா கிளப்புல குடிக்க வந்தவன் கிளாசை வச்சுட்டு ஓடிருவான். அதுக்கு எடி பண்ணின வேலை, வேரியாக்னு வோல்டேஜை ஏத்தி இறக்குத பெட்டி ஒண்ணை நடுவுல போட்டு, 120 வோல்ட்டை 90 பக்கமா இறக்கிட்டாரு. குமிழெல்லாம் முழுசாத் திறந்து கிடக்கும், கரகரப்பும் வரும், சத்தம் மட்டும் கொஞ்சம் மட்டுப்படும். என்னா மூளை பாத்தியா! ஆனா ஆரம்பப் பேட்டியில என்ன அளந்தாரு தெரியுமா? 140 வோல்ட்டுக்கு ஏத்துவேன்னாரு. தன் மருந்துக்குத் தப்பான சீட்டை எழுதி நீட்டின வைத்தியரு அவரு. அதை நம்பி ஏத்தினவன் ஆம்ப்பு என்ன கதியாயிருக்கும்னு எனக்குத் தெரியும்.

நீ அதெல்லாம் செஞ்சு பாக்காத. இதை மட்டும் விளையாட்டாச் சொல்லல. வால்வு ஆம்ப் உள்ளுக்குள்ள 400 வோல்ட்டுக்கு மேல ஓடும். பிளக்கைப் பிடுங்கின பொறவும் கண்டன்சர்ல தங்கி நிக்கும், தொட்டா விடாது. ஸ்பீக்கரை மாட்டாம ஆன் பண்ணினா அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போயிரும். அதை மாத்துத செலவைக் கேட்டா உனக்கே நெஞ்சுவலி வரும், கீழ வீட்டுக்காரருக்குத் துணையாச்சு.

2007ல ஃபெண்டர் கம்பெனி எடியோட அந்த ஒட்டுப்போட்ட கிட்டாருக்கு அச்சு அசல் நகல் போட்டான். 300 உருப்படி. விலை 25,000 டாலர், அன்னைய கணக்குல சுமார் பத்து லட்சம் ரூவா. கீறல், சூட்டுத் தழும்பு, துரு எல்லாம் அளந்து வச்சு, அந்த 1971 காசையும் விடாமப் போட்டுக் குடுத்தான். துட்டு இல்லாம ஒட்டுப்போட்டவனைப் பாத்து துட்டுள்ளவன் ஒட்டுப்போட்டதை வாங்குதான். வாங்கினவன் அதை வெயிலுல கூட வைக்க மாட்டான், பெயிண்ட் போயிரும்னு.

இதையும் மிஞ்சினது ஒண்ணு இருக்கு. ஸ்லாஷ், தொப்பி போட்டுக்கிட்டு முகத்தைக் காட்டாம நிப்பாரே. 1987ல வந்த ‘அப்பெடைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன்’ ஆல்பத்தைக் கேட்டுட்டுத்தான் உனக்கு கிப்சன் ஆசை வந்துச்சுன்னு சொன்ன. அதுல அவரு வாசிச்சது கிப்சனே இல்லல. கலிபோர்னியாவுல கிரிஸ் டெரிக்னு ஒரு கைவேலைக்காரர் செஞ்ச நகல். ஆம்ப்பும் வாடகை மார்ஷல்தான். 2010ல கிப்சன் கம்பெனி என்ன பண்ணினான்? அந்த நகலைப் பாத்து ஒரு நகல் செஞ்சு, அதை ஒரிஜினல் கிப்சன்னு வித்தான். இப்படி ஒரு வியாபார புத்தி நம்ம சந்தையில மாட்டுத் தரகு பாக்கவனுக்குக் கூட வராது. உன் பட்டியல்ல முதல் வரியில இருக்கது அந்த ஜாதிதான்.

லெட் செப்பலின் ஜிம்மி பேஜும் அப்படித்தான். லெஸ் பாலை இடுப்புக்குக் கீழ தொங்க விட்டு நிக்க படத்தை நீ செவுத்துல ஒட்டியிருக்க. 1969 சனவரியில வந்த முதல் ஆல்பத்துல அவரு பெரும்பாலும் வாசிச்சது டெலிகாஸ்டர். சிநேகிதர் ஜெஃப் பெக் சும்மா குடுத்தது. ஆம்ப்பு சுப்ரோன்னு ஒரு சின்னப் பெட்டி. சின்னப் பெட்டியை முழுசா முடுக்கி, மைக்கைக் கொஞ்சம் தள்ளி வச்சா அறையே சேந்து பேசும். பதிவுக் கூடத்துல யானை மாதிரிக் கேக்கதெல்லாம் யானை இல்ல. படத்தைப் பாத்துக் காதுக்குச் சாமான் வாங்கினா இப்படித்தான் ஆகும்.

அது போக, ஏசி/டிசி. அண்ணன் தம்பி, மால்கம் யங், ஆங்கஸ் யங். அவனுவ சத்தம் வேணும்னு கரகரப்பைக் கூட்டுத கெயின் குமிழைப் பிடிச்சு முழுசாத் திருப்புதியே, மால்கம் வச்சிருந்தது எவ்வளவுன்னு தெரியுமா? கொஞ்சூண்டு. தடிச்ச கம்பி, பழைய கிரெட்ச் கிட்டார், அதுல வேண்டாத பிக்கப்பைப் பிடுங்கிப் போட்டுட்டு ஒண்ணே ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டாரு. சத்தம் சுத்தமா இருந்ததாலதான் ஒவ்வொரு அடியும் செவுளுல விழுந்த கணக்கா இருக்கும். தம்பிக்காரர் பள்ளிக்கூட டிரவுசரோட மேடை பூரா ஓடுத ஆளு, வயரு காலுல சிக்கும்னு வயர்லெஸ் ஒண்ணு வாங்கினாரு. ஷாஃபர்-வேகான்னு பேரு. அந்தப் பெட்டி சும்மா இல்லாம சத்தத்தைக் கொஞ்சம் தடிக்க வச்சுது. அது பிடிச்சுப்போய் 1980 ‘பேக் இன் பிளாக்’ பதிவுலயும் அதையே போட்டாரு. இது தெரியாம எத்தனையோ பேரு வருசக்கணக்கா ஆம்ப்பை மாத்தி மாத்திப் பாத்தான். ஓடுததுக்கு வாங்கின சாமானுல இருந்துச்சு சூட்சுமம். நீ ஓடவா போற? உன் ரூம்புல ரெண்டு எட்டு வச்சா செவுரு.

தடிச்ச கம்பி போட்டாத்தான் தடிச்ச சத்தம்னு இப்ப ஓடிப்போய் அதையும் வாங்கிராத. இசட் இசட் டாப் பில்லி கிப்பன்ஸ், அந்த நீளத் தாடிக்காரர், 0.007 அங்குலக் கம்பி போடுதாரு, தலைமுடிக்கு அண்ணன் அது. ஏம்ப்பா இவ்வளவு கஷ்டப்படுதன்னு புளூஸ் வித்துவான் பி.பி. கிங் கேட்டாராம், அன்னையில இருந்து மெல்லிசுதான். சத்தத்தைக் கேட்டா பனைமரம் விழுந்த மாதிரி இருக்கும்.

இனி வாட்டு கணக்கு. இதுல என்னை மிஞ்ச முடியாது. 50 வாட்டை 100 ஆக்கினா சத்தம் இருமடங்காகாது. வெறும் 3 டெசிபல் கூடும், அவ்வளவுதான். காதுக்கு ரெண்டு மடங்காத் தெரியணும்னா சக்தி ஏறத்தாழ பத்து மடங்கு வேணும். அதாவது 5 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் நடுவுலதான் அந்த இருமடங்கு. நல்ல கிட்டார் ஸ்பீக்கர்ல ஒத்தை வாட்டு விட்டாலே ஒரு மீட்டர்ல 95 டெசிபலைத் தாண்டும். உன் ரூம்புல 100 வாட்டை வச்சா குமிழ் ஒண்ணுக்குக் கீழயே நிக்கும், வால்வு தூங்கும், கரகரப்பு வராது. நீ காசு குடுத்தது எதுக்கோ அது மட்டும் கிடைக்காது.

அந்த 100 வாட்டும் ஒரு குறையிலதான் பிறந்துச்சு. லண்டன் ஹான்வெல்லுல 1960ல ஜிம் மார்ஷல்னு டிரம்ஸ் வாத்தியாரு கடை போட்டாரு. அமெரிக்க ஃபெண்டர் ஆம்ப் விலை கட்டலைன்னு 1962ல அதைப் பாத்தே ஒண்ணு செஞ்சாவ. தி ஹூ கூட்டத்து பீட் டவுன்செண்ட் வந்து, சத்தம் பத்தாதுன்னு நின்னாரு. 100 வாட் வந்துச்சு. எட்டு ஸ்பீக்கரையும் ஒரே பெட்டியில போட்டாவ, தூக்குத ஆளு இடுப்பு ஒடிஞ்சு போச்சு. அதை ரெண்டா வெட்டி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினதுதான் நீ கும்பிடுத மார்ஷல் ஸ்டேக்கு. அன்னைக்கிக் கச்சேரி மேடையில ஒழுங்கான மைக் செட் கிடையாது, அதனால அவ்வளவு வேண்டியிருந்துச்சு. இன்னைக்கிப் பெரிய மேடையில செவுரு கணக்கா அடுக்கியிருக்கானே, அதுல நிறைய இடத்துல வெறும் பெட்டிதான், உள்ள ஸ்பீக்கரே இருக்காது. உண்மையில பாடுதது ஓரமா ஒரு பெட்டி, அதுக்கு முன்ன ஒரு மைக்கு. டவுன்செண்டுக்குக் காது போனது ஊரறிஞ்ச கதை.

விரலுலதான் எல்லாம் இருக்குன்னு ஒரு கூட்டம் வரும், அதையும் நம்பாத. டெட் நியூஜென்ட்னு இன்னொரு கிட்டார்காரர் ஒரு தடவை எடியோட கிட்டாரை எடியோட ஆம்ப்புல வாசிச்சாராம், டெட் நியூஜென்ட் மாதிரியேதான் கேட்டுச்சாம். சரி, நிசந்தான். ஆனா எல்லாம் விரலுலன்னா எடி எதுக்கு மெழுகு காய்ச்சினாரு? விரலைப் பத்திப் பேசுதவன் வீட்டுல நாலு ஆம்ப்பு இருக்கும், எண்ணிப் பாரு.

சின்னதா 5 வாட்டுல ஒரு வால்வு ஆம்ப் வாங்கு, கூட கையில நிக்க கிட்டார் ஒண்ணு. வாசி. ஆறு மாசம் கழிச்சு எது இடிக்குதோ அதை ஒரு தாளுல எழுதி எனக்கு வாட்சாப்புல அனுப்பு. கம்பி கையைக் கடிக்குதா, பிக்கப் கத்துதா, கீழ வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிட்டாரா, எதுவா இருந்தாலும் எழுது. அதுக்கு ஏத்த சாமானை அப்புறம் ரெண்டு பேருமாத் தேடுவோம். அதுவரைக்கும் உன் கிரெடிட் கார்டு ஆச்சிகிட்ட இருக்கட்டும்.